காற்றுக்குழாயின் வாயில் கட்டிய தலையணை உறை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எந்த உள்ளெழுச்சியிலும் பிறக்கவில்லை. அக்காவிடம் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். வாயைத் திறந்து சொன்னால் நாலு நொடி ஆகும். அதற்குத் தைரியம் இல்லாததால் ஒரு வாரமாகக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பல பேர் எழுத வந்ததே இப்படித்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். [இந்த வரி தேவையா? துணைக்கு ஆள் சேர்க்கிறேன். இருந்துவிட்டுப் போகட்டும்.]

விஷயம் அவசரம். அக்கா ஒரு சலவைக்கூடம் நடத்துகிறாள். விடுதிகளிலிருந்தும் ஒரு மருத்துவமனையிலிருந்தும் வரும் விரிப்புகள், துண்டுகள், தலையணை உறைகள் எல்லாம் அங்கேதான் துவைத்துக் காய்கின்றன. காய வைப்பதற்கு முப்பத்தைந்து கிலோ பிடிக்கும் எரிவாயு டிரையர் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டியவர் அத்தான், அதாவது அக்காவின் கணவர். ஒரு வாரமாக அதன் பக்கத்தில் போக அவருக்கு அனுமதி இல்லை. அக்காவே ஓட்டுகிறாள். வருகிற திங்கட்கிழமை முதல் சம்பளத்துக்கு ஓர் ஆள் வருகிறார். அத்தான் இனி நிரந்தரமாக இஸ்திரி மேசைக்கு.

இன்று வெள்ளிக்கிழமை. இந்தக் கதை திங்களுக்குள் முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் அநியாயமாக ஒரு மனிதருக்குத் தண்டனை உறுதியாகிவிடும்.

2

தொடக்கம் அமையவில்லை. முயன்றவற்றை மறைக்காமல் தருகிறேன்.

முதல் தொடக்கம்: “வெள்ளைத் துண்டுகள் சுழன்றன, காலத்தைப் போல, முடிவே இல்லாமல்—”

மடிப்பு மேசை மேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அக்கா இதைப் படித்துவிட்டாள்.

“முடிவே இல்லாமலா? முப்பது நிமிஷத்துல நின்னுடும்டா. அதுக்குதானே டைமர் வச்சிருக்கு.”

அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: “தீ முதலில் கூரையைப் பிடித்தது. நாற்பது கிலோ துண்டுகளைத் திணித்த அந்த இயந்திரம்—”

“டேய், முப்பத்தஞ்சு கிலோ மெஷின்ல நாப்பது கிலோவா? நாங்க அப்படி எப்படா போட்டோம்? வெளிய யாராவது படிச்சா என்ன நினைப்பாங்க?”

“கடையே எரியுதுன்னு எழுதியிருக்கேன், அது பரவாயில்லையாக்கா?”

“அதையும் அடி. என் கடைய கொளுத்திட்டு நீ பேர் வாங்கப் போறியா?”

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அக்கா நான் எழுதுவதையெல்லாம் படிப்பவள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே வாசகி. கதை நன்றாக இருந்தால் “ம்” என்பாள். மோசமாக இருந்தால் “சாப்பிட்டியா?” என்பாள். கடைசியாக வந்த மூன்று கதைகளுக்கும் நான் சாப்பிட்டிருந்தேன்.)

மூன்றாம் தொடக்கம் என்று எதுவும் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

3

கதை எழுதி யாராலும் வயிறு நிரப்ப முடியாது. என் பிழைப்பு கையேடு எழுதுவது. மிக்சி, தண்ணீர் மோட்டார், மின்தூக்கி என்று எதை வாங்கினாலும் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, நீங்கள் பிரிக்காமலே தூக்கி எறிவீர்களே, அதை எழுதுகிறவன் நான். ‘தொழிற்கூட உலர்த்தி: நிறுவுதலும் பாதுகாப்பாக இயக்குதலும்’ என்ற நாற்பது பக்கப் புத்தகத்தையும் நான்தான் எழுதினேன். அக்கா அந்த டிரையரைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம் அதுதான். விற்கிறவர் வேறு இரண்டு கம்பெனி மெஷின்களைக் காட்டியபோது, “இதுக்கு எங்க தம்பி புக்கு எழுதியிருக்கான்” என்று சொல்லிப் பேச்சை முடித்துவிட்டாளாம். விற்கிறவர் அரண்டுபோய் எனக்காகவும் ஒரு வணக்கம் வைத்தாராம்.

மெஷினை மாட்ட வந்த மெக்கானிக் பேசாத மனிதர். ரசமட்டத்தை மெஷின் மேல் வைத்தார், நாலு காலையும் திருகிச் சமன் செய்தார். பின்பக்கம் ஓர் ஆள் நுழைந்து வேலை பார்க்க இடம் விட்டார். சூடான காற்று வெளியே போகத் தகரக் குழாயை இரண்டே வளைவுகளில் சுவரைத் தாண்டிக் கொண்டுபோய், வாயைக் கீழ்நோக்கித் திருப்பினார். எரிவாயு இணைப்பில் கசிவு பார்க்கச் சோப்பு நுரை கேட்டார். சலவைக்கூடத்தில் சோப்பு நுரை கேட்டால் என்ன ஆகும்? ஆளுக்கொரு வாளி கொண்டுவந்துவிட்டார்கள். அவர் ஒரு விரலால் தொட்டுக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பினார்.

கிளம்பும்போது அத்தானிடம் மூன்றே மூன்று விஷயம் சொன்னார்.

“ஒவ்வொரு தடவையும் பஞ்சு வலைய எடுத்துச் சுத்தம் பண்ணுங்க. கடைசி ஆறு நிமிஷம் குளிர்ந்த காத்துல ஓடும், அதுக்கு முன்னாடி கதவத் திறக்காதீங்க. புரியாத எதையும் நீங்களா செய்யாதீங்க, கேளுங்க.”

அத்தான் மூன்றையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வலையை உருவி, ஒட்டியிருந்த பஞ்சைப் பாய் போலச் சுருட்டி எடுத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினார். “பாத்தீங்களா, ஒரு ஈடு துணியில இவ்வளவு!” அத்தான் அதற்கு முன் இரண்டு தொழிலில் கைவைத்து இரண்டிலும் சறுக்கியவர். இந்த மெஷின் முன்னால்தான் அவர் நிமிர்ந்து நின்று பார்த்தேன்.

4

[இந்தப் பகுதியை இரண்டு முறை எழுதினேன். கீழே இருப்பது ஊரறிந்த வடிவம். அக்காவுக்குத் தெரிந்ததும் இதுதான்.]

பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். தைத்த வெள்ளைச் சீருடைகளை அலசிக் கொடியில் போடுவார். குழாய் வழியாக வந்த பஞ்சு அதன் மேல் படிந்தது.

“உங்க மெஷின் என் துணி மேல துப்புதுங்க. நாலு நாளா ஒவ்வொரு நூலா பொறுக்கிட்டு இருக்கேன். எனக்கு வேற வேலை இல்லையா?”

அத்தானுக்குச் சண்டை ஆகாது. ஏணி போட்டு ஏறி, குழாயின் வாயில் ஒரு தலையணை உறையை மாட்டி, நாடாவால் இறுக்கிக் கட்டினார். பஞ்சு உள்ளே தங்கும், காற்று துணி வழியே போய்விடும் என்று கணக்கு. சலவைக்கூடக்காரருக்குத்தான் இந்த யோசனை வரும். அவர் கட்டியது நன்றாக வெளுத்து, இஸ்திரி போட்ட உறை வேறு. தையல்காரம்மா மகிழ்ந்துபோய், “முடிச்சு சுத்தமா போட்டிருக்கீங்க” என்று பாராட்டினார்.

நாலாம் நாள் உறை மூட்டையாக உப்பிவிட்டது. காற்றுக்கு வழியில்லை. முப்பது நிமிடத்தில் காய வேண்டிய துண்டுகள் காயவில்லை. அத்தான் இன்னும் பத்து நிமிடம் வைத்தார். அதன் மேல் இன்னொரு பத்து. குழாய்க்குள் தேங்கிய பஞ்சு கருகத் தொடங்கியது.

கருகல் வாடை வந்ததும் அக்கா ஓடிவந்தாள். மெஷினை நிறுத்தினாள், எரிவாயு வால்வை மூடினாள், மெயின் சுவிட்சை இறக்கினாள், எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். துண்டுகள் என்ன ஆயிற்றோ என்று அத்தான் கதவுப் பிடியில் கை வைத்தார்.

“கதவத் திறக்காதீங்க! காத்து உள்ள போனா பத்திக்கும்!”

பதினேழாம் பக்கம். என் கையேட்டை உலகத்தில் ஒருத்தராவது முழுதாகப் படித்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவந்தது அப்போதுதான். வெளியே புகைந்துகொண்டிருந்த தலையணை உறை மேல் தையல்காரம்மா கையிலிருந்த வாளித் தண்ணீரை அண்ணாந்து வீசினார். சீருடைக்குக் கலக்கிய நீலத் தண்ணீர். சுவரில் அந்த நீலம் இன்னும் இருக்கிறது.

யாருக்கும் காயமில்லை. பதினெட்டு கிலோ மருத்துவமனைத் துண்டுகள் டீ நிறத்துக்கு வந்திருந்தன. மெக்கானிக் வந்து குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தார். பிறகு பஞ்சு வலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூலையில் இருந்த ஒரு கிழிசலைச் சுண்டுவிரலால் காட்டினார்.

“வெளிய அவ்வளவு பஞ்சு வந்தப்பவே கூப்பிட்டிருக்கலாம். வலை மாத்துறது ரெண்டு நிமிஷ வேலை.”

அக்கா அத்தான் பக்கம் திரும்பினாள். “யாரைக் கேட்டுக் கட்டுனீங்க?”

அந்தக் கூடத்தில் ஏழு பேர் இருந்தோம். நானும் இருந்தேன். அத்தான் மெக்கானிக் கையிலிருந்த வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“யாரையும் கேக்கல. நானாதான் கட்டுனேன்.”

“ஒரு வார்த்தை தம்பிகிட்ட கேட்டிருக்கலாம்ல? புக்கு எழுதினவன் அவன். கைக்கெட்டுற தூரத்துல இருக்கான்.”

அத்தான் தலையாட்டினார். “தப்புதான்.”

5

சரி. நாலு நொடி.

அத்தான் கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

ஏணியில் ஏறுவதற்கு முன் எனக்கு போன் செய்தார். “மாப்ள, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். குழாய் வாயில தலையணை உறை கட்டலாமா? பஞ்சு பறக்குது. உங்க புக்கப் பாத்தேன், அதுல இருக்குற தமிழ் எனக்குப் பிடிபடல.”

காதில் சரியாக விழவில்லை என்று எழுதிப் பார்த்தேன். நம்பும்படியாகவும் இருந்தது. ஆனால் விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. நான் அப்போது ஒரு கதையின் முதல் வரியில் மாட்டிக்கொண்டு, மழைக்கு ஒரு உவமை தேடிக்கொண்டிருந்தேன்.

“தாராளமா கட்டுங்க அத்தான்” என்றேன். வைத்துவிட்டேன்.

பதினான்காம் பக்கத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன்: ‘வெளியேற்றுக்குழாயின் முனையானது வலை, துணி உள்ளிட்ட எவ்விதத் தடுப்பினாலும் மறைக்கப்படலாகாது.’ அத்தான் இதைப் படித்துவிட்டு ஏதோ செய்யுள் என்று நினைத்திருக்கிறார். ‘குழாய் வாயில் எதையும் கட்டாதீர்கள், தீப்பிடிக்கும்’ என்று எழுதத் தெரியாமலா போயிற்று எனக்கு? அப்படி எழுதினால் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம் போலத் தோன்றும், அதுதான்.

(மழைக்கான உவமை கடைசிவரை கிடைக்கவில்லை. கேட்டீர்களானால் சொல்வதற்காக.)

6

முடிவுகள்.

அ) அக்கா படித்துவிட்டுச் சிரிக்கிறாள், எல்லாம் சுமுகமாகிறது. அக்காவைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

ஆ) புதிதாக வருகிற ஆள் திங்கட்கிழமை வழி தவறி வேறு கடைக்குப் போய்விடுகிறார். நானே இதை அடிக்கிறேன். எழுதுகிறவன் தப்பிக்க அடுத்தவர் ஏன் வழி தவற வேண்டும்?

இ) ஐந்தாம் பகுதியைக் கிழித்துவிட்டு மீதியைக் கொடுப்பது. இதை நான் யோசிக்கவில்லை. சத்தியமாக என் யோசனை இல்லை. இன்று மத்தியானம் அத்தானிடம் எல்லாவற்றையும் படிக்கக் கொடுத்தேன். இஸ்திரி மேசையில் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, நின்றபடியே, உதடசையப் படித்தார். “தாராளமா கட்டுங்க” வந்த இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தார்.

“இந்த அஞ்சாவத எடுத்துடுங்க மாப்ள.”

“அதுதானே அத்தான் கதையே.”

“இருக்கட்டும். அவ உங்க புக்க பில்லு புக்குக்குக் கீழ வச்சிருக்கா, வர்றவங்ககிட்ட எல்லாம் காட்டுறா. பெருமைன்னு சொல்லிக்க அவளுக்கு வேற என்ன இருக்கு? என்னால இவ்வளவு வருஷத்துல ஒண்ணும் குடுக்க முடியல.”

“உங்க மெஷின் போயிடும் அத்தான்.”

“போகட்டும்” என்றார். ஆனால் சொல்லும்போது கண் டிரையர் பக்கம் போயிற்று. அக்கா அதிலிருந்து வலையை உருவிக்கொண்டிருந்தாள். “மூலையில ஒட்டியிருக்குறத விட்டுடுறா பாருங்க. நான் பழைய பல் பிரஷ் வச்சு எடுப்பேன்” என்றார் மெதுவாக.

தாள்களை வாங்கிக்கொண்டு வந்தேன். ஐந்தாம் பகுதி தனித் தாளில் இருக்கிறது. கிழிப்பது சுலபம். இல்லாவிட்டாலும் கதைக்குப் பங்கமில்லை. நாலுக்குப் பிறகு ஆறு என்று வந்தால் ஏதோ புது உத்தி என்று பாராட்டக்கூடச் செய்வார்கள்.

7

அக்கா, நீ இங்கே வந்துசேர்ந்துவிட்டாய் என்றால் ஐந்தாம் பகுதியையும் படித்துவிட்டாய். நான் அத்தான் சொன்னதைக் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் இந்தக் கதையில் நான் செய்த ஒரே ஒழுங்கான காரியம்.

என்னைத் திட்டுவதற்கு நிறைய இருக்கிறது. எல்லாம் நியாயம். வாசலில்தான் நிற்கிறேன், எங்கும் ஓடிவிடவில்லை. ஆனால் என்னிடம் வருவதற்கு முன்னால் உள்ளே திரும்பிப் பார். அத்தான் இஸ்திரி மேசையில்தான் இருப்பார். நீ படித்து முடித்துவிட்டாயா என்று பார்க்கத் தலையைத் தூக்காமல், தேய்த்த உறையையே மறுபடி தேய்த்துக்கொண்டிருப்பார்.

அவரைக் கூப்பிடு. என்ன சொல்லிக் கூப்பிடுவாய் என்று எட்டு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றும் உன் குரலில் வரவில்லை. எட்டையும் அடித்துவிட்டேன்.

அந்த வரி உன்னுடையது, அக்கா. அவர் காதில் விழும்படி கொஞ்சம் சத்தமாகவே சொல்.