தேயாத துத்தநாகம்

கையில் தூரிகை இருந்தால் எதையாவது பூசாமல் இருக்கமாட்டான், போர்டு எழுதுகிற அந்தப் பெயிண்டர். ஒருமுறை கடைக் கதவுக்குப் பச்சை அடிக்கும்போது, ஓரமாகத் தூங்கிய பூனைக்கும் சேர்த்து அடித்துவிட்டான். பூனை எழுந்து போன பிறகுதான் கதவில் ஓர் இடம் விட்டுப்போனது தெரிந்தது.

அப்படிப்பட்டவனைத்தான் போன வருடம் மாமியார் தன் பாய்மரப் படகின் அடிப்பாகத்துக்குச் சிவப்பு அடிக்கச் சொல்லியிருந்தார். பாய் தைத்தே பிழைத்தவர் மாமியார். கோபம் வந்தால் கத்தமாட்டார். கோபம் ஏற ஏற அவர் பேச்சில் மரியாதை ஏறும். வெறும் ‘மாப்ளே’ என்றால் நல்ல நாள். ‘வாங்க, உட்காருங்க’ என்றால் ஓடிவிட வேண்டும்.

இந்த வருடம் மகளையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குக் கிளம்பினார். கரை கண்ணுக்கு மறைந்தது. நீச்சல் தெரியாத பெயிண்டருக்குப் பேச்சுதான் பிடிமானம். மாமியாரைக் குளிர வைக்க ஒரு நல்ல சேதியும் கைவசம் இருந்தது.

“அத்தை, காலையில பாசி சுரண்ட ஒருத்தர் முங்கினாரே, அவர் சொன்னார். அடியில இருக்கிற துத்தநாகக் கட்டி துளிகூடத் தேயலியாம். புத்தம் புதுசா இருக்காம்!”

மாமியார் டீக் குவளையைக் கீழே வைத்தார்.

“அது தேயறதுக்குன்னே வைக்கிறது, மாப்ளே. உப்புத் தண்ணியில ரெண்டு மூணு உலோகம் ஒண்ணா கிடந்தா, ஏதாவது ஒண்ணு கரைஞ்சே தீரும். பித்தளை கரையக் கூடாதுன்னுதான் துத்தநாகத்தைக் காவு குடுக்கிறோம். அது தேயலைன்னா…” தண்ணீரையே பார்த்தார். “இத்தனை நாளா கடல் எதைத் தின்னுக்கிட்டிருக்கு?”

சுக்கானைப் பிடித்திருந்த மனைவி, “அம்மா, சும்மா இரு. அவர் ஏற்கெனவே பாய்மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டிருக்கார்” என்றாள்.

பெயிண்டர் போன வருடத்தை நினைத்தான். அவ்வளவு அழகான சிவப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் மொட்டையாக ஒரு கட்டி உட்கார்ந்திருந்ததை அவன் மறக்கவில்லை. பார்க்கச் சகிக்காமல் அதையும் பூசி மெழுகிவிட்டிருந்தான். பெயிண்டுக்குள் ஒளிந்த கட்டி எப்படிக் கரையும்?

“கீழே போய், அடிப்பலகை ஓட்டையில கடல் தண்ணியைத் தடுத்துக்கிட்டிருக்கிற வால்வு மூணையும் பார்த்துட்டு வாங்க. பித்தளை மஞ்சளா இருந்தா பிழைச்சோம். ரோஸா இருந்தா உள்ளே செத்துப்போச்சுன்னு அர்த்தம். தொடாதீங்க. வந்து சொல்லுங்க” என்றார் மாமியார்.

இதற்குள் எத்தனை ‘ங்க’ வந்துவிட்டது என்பதை அவன் கவனித்தான்.

கீழே டீசல் நெடி. தரைப்பலகையைத் தூக்கி டார்ச் அடித்தான். முதல் வால்வு, பிறந்த குழந்தையின் உள்ளங்காலைப் போல ரோஸ். இரண்டாவதும் அதே. மூன்றாவது ரோஸோடு உப்பும் பூத்து வியர்த்திருந்தது. விரற்கடைப் பலகைக்கு அந்தப் பக்கம் கடல் களுக் களுக்கென்று சப்புக்கொட்டியது.

கடல் இன்னும் எதுவும் கேட்கவில்லை. மாமியார் கேட்பார். சட்டைப் பையில் போர்டு எழுதுகிற பித்தளை நிறப் பெயிண்ட் டப்பாவும் சின்னத் தூரிகையும் இருந்தன. கை தானாகவே போயிற்று.

மூன்றாவது வால்வில் முதல் இழுப்பு அழகாக விழுந்தது. இரண்டாவது இழுப்பில் அது நனைந்த பிஸ்கட் மாதிரி உடைந்து கையோடு வந்துவிட்டது. தண்ணீர் முகத்தில் பீறிட்டு அடித்தது. கத்த வாயைத் திறந்தால் வாய் நிறைய உப்பு. தடுமாறி எழுந்தவன் இடது கால் கட்டைவிரலை அந்த ஓட்டைக்குள் செருகினான். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தியது. தண்ணீர் நின்றது.

“என்ன நிறம்?” என்று மேலேயிருந்து குரல்.

“ரெண்டு ரோஸ், அத்தை. ஒண்ணு மஞ்சள்.” உடைந்த வால்வைப் பார்த்தான். “ஆனா மஞ்சள் கையில இருக்கு.”

மாமியார் இறங்கி வந்து வால்வுத் துண்டை வாங்கினார். ஈரப் பெயிண்ட் அவர் விரலில் ஒட்டியது. அதை மோந்து பார்த்தார்.

“அந்தக் கட்டிக்கும் நீங்கதான் அடிச்சீங்களா?”

தலையாட்டினான்.

“எத்தனை கோட்டுங்க?”

“பிரைமரோட மூணு.”

“ரொம்ப நல்லதுங்க. மர ஆப்பு இருக்கு. ஆனா அடிச்சா அந்த அதிர்ச்சியில மத்த ரெண்டும் உதிர்ந்துடும். விரலை எடுத்துடாதீங்க. தும்மிடாதீங்க.”

கல்யாணத்தன்றுகூட அவனுக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

படகு திரும்பியது. ஒவ்வோர் அலைக்கும் அந்த இரண்டு ரோஸ் வால்வுகளும் நடுங்கின, கூடவே அவனும். வெளியே நீட்டியிருந்த விரலை ஏதோ ஒன்று கொறித்துப் பார்த்தது. நாம் உலோகம் இல்லை, நம்மைத் தின்னாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “ஏங்க, வலிக்குதா?”

“ஏதோ கடிக்குது.”

“ருசி பார்த்துட்டுப் போயிடும். ஆடாம உட்காருங்க.” சொன்னவளின் உதடும் வெளுத்திருந்தது.

எப்படியோ கரையில் படகுப் பட்டறைக்கு வந்து சேர்ந்தார்கள். விரல் வீங்கி வெளியே வர மறுத்ததால், கிரேன் அவனையும் உள்ளே வைத்தே படகைத் தூக்கியது. கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். சிவந்த அடிப்பாகத்தில், ஊறி வெளுத்த ஒரு கட்டைவிரல் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மூன்று கோட்டுக்குள் பத்திரமாகத் துத்தநாகக் கட்டி.

மாமியார் இரும்புச் சுரண்டியோடு அடியில் நுழைந்தார். கர்ர், கர்ர் என்று பெயிண்ட் உரியும் சத்தம் பெயிண்டரின் முழங்கால் வரை ஏறியது.

“அத்தை, விரலை எப்படி எடுக்கிறது?”

“அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. வந்துக்கிட்டே இருக்கேனுங்க.”

சுரண்டும் சத்தம் கட்டியை விட்டு, மெல்ல அவன் விரல் பக்கமாக நகர்ந்தது.