ஒட்டி வைத்த கடைசி அத்தியாயம்

நூலகத்தின் மாடியில், பழைய செய்தித்தாள்களைக் கட்டி அடுக்கும் அறையில்தான் துப்பறியும் கதை வாசகர் வட்டம் கூடும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரே கதையின் பிரதிகளை நூலகர் எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுவார். ஆனால் கடைசி அத்தியாயத்தைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, பட்டை மேல் பாதியும் தாள் மேல் பாதியுமாக நூலக முத்திரையைக் குத்தித்தான் கொடுப்பார். பட்டை வரைக்கும் படிக்கலாம், தாண்டக் கூடாது. கூட்டத்தன்று கொலைகாரன் யார் என்று காரணத்தோடு சீட்டில் எழுதிப் போட வேண்டும். பிறகு எல்லோர் முன்னாலும் பட்டையைக் கிழித்து நூலகர் வாசிப்பார். சரியாகச் சொன்னவருக்குப் பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. அடுத்த மாதக் கதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மட்டும்தான். அந்த உரிமைக்கு அங்கே நடக்கும் அடிதடி தேர்தலில்கூட நடக்காது.

பிரேக்கம்மா அந்த வட்டத்தில் சேர்ந்தது போன வருஷம். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். நாள் முழுக்க "பிரேக், பிரேக்" என்று கத்துவதால் வந்த பெயர். சேர்ந்த புதிதில் அவள் சொன்ன ஒரு விடையாவது சரியாக இருந்திருக்க வேண்டுமே, ம்ஹூம். ஒருமுறை துப்பறிய வந்த அதிகாரியையே கொலைகாரன் என்று எழுதிவைத்தாள். வட்டமே வயிறு வலிக்கச் சிரித்தது. கூடவே வட்டத்தில் இருந்த நாத்தனார், அண்ணி என்றும் பாராமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் சரியாகச் சொன்னாள். அடுத்த மாதமும் சொன்னாள். மூன்றாவது தடவையும் அவள் எழுதியது சரியாக இருக்கவே, யாரும் கை தட்டவில்லை.

வட்டத்தின் தலைவர் ஓய்வு பெற்ற தணிக்கை அதிகாரி. எல்லோரும் ஆடிட்டர் என்பார்கள். அவர் எழுந்து, தன் பிரதியையும் இன்னும் கிழிக்காமல் இருந்த பிரேக்கம்மாவின் பிரதியையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தன் பட்டை தட்டையாக இருக்கிறது, அவளுடையது லேசாக நெளிந்திருக்கிறது, முத்திரையின் இரண்டு பாதியும் மயிரிழை விலகி நிற்கின்றன என்று விளக்கினார். ஆவியில் காட்டினால் பசை இளகும் என்று வட்டத்தின் இன்னொரு உறுப்பினரான மருந்துக்கடைக்காரர் எடுத்துக்கொடுத்தார். அத்தனை நாள் தப்பாகவே சொன்னவர் திடீரென்று எப்படிச் சரியாகச் சொல்ல ஆரம்பித்தார் என்பதுதான் இந்த வழக்கின் மையம் என்றார் ஆடிட்டர். வழக்காம். படித்த கதைகளை எல்லாம் நடித்துப் பார்க்க அவர்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது, அகப்பட்டவள் இவள்.

பிரேக்கம்மாவுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. நான் அதைத் தொடவே இல்லை என்றாள். எல்லாக் கதையிலும் குற்றவாளி முதலில் அப்படித்தான் சொல்வான் என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, கொல்லென்று ஒரு சிரிப்பு. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். நாத்தனார் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டுச் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ஆமான்னு சொல்லிடுங்க அண்ணி. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

செய்யாததை ஒப்புக்கொண்டால் பெருந்தன்மையோடு மன்னிப்பார்களாம். இதைவிடக் கன்னத்தில் அறைந்திருக்கலாம். அடுத்த கூட்டத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வட்டத்திலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அடுத்த கதையின் பிரதிகளை ஆடிட்டர் எண்ணிக் கொடுத்துக்கொண்டு வந்தார். பிரேக்கம்மாவைத் தாண்டிப் போனார். அவள் அவர் கையில் இருந்த அடுக்கிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படி இறங்கினாள்.

அந்த வாரம் அவளிடம் வண்டி ஓட்டக் கற்றவர்கள் பாவம். கியர் மாற்றத் தெரியாதவர்கள் எல்லாம் நம்பிக்கைத் துரோகிகள் என்பதுபோல் திட்டு வாங்கினார்கள். வீட்டிலும் அதே பேச்சுத்தான். காய் நறுக்கும்போது ஆடிட்டர், துணி மடிக்கும்போது மருந்துக்கடைக்காரர், படுக்கப் போகும்போது நாத்தனார். "உங்க தங்கச்சி சொல்றா, ஒத்துக்கணுமாம்!" என்று கணவரிடம் இடித்துக் காட்டினாள்.

அவள் கணவர் வீட்டின் முன்னறையிலேயே செல்போன் ரிப்பேர் செய்பவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். "விட்டுத்தள்ளு, அதுங்களுக்கு வேற வேலை இல்ல" என்பார், குனிந்து வேலையைப் பார்ப்பார். இப்படி ஒரு அநியாயம் நடந்திருக்கிறது, இந்த மனுஷனுக்குக் கோபமே வரவில்லையே என்று அவளுக்கு அதுவும் ஒரு ஆற்றாமை.

ஆனாலும் அவள் விடுவதாக இல்லை. நான்காவது முறையும் சொல்லிக் காட்டி அவர்கள் வாயை அடைக்காவிட்டால் பிறகு என்ன இருக்கிறது? புதுக் கதையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். ஒரு பணக்கார விதவை மாடிப்படியிலிருந்து தள்ளப்பட்டுச் சாகிறாள். வீட்டுக்கு வந்துபோகும் பாட்டு வாத்தியார் மேல் பிரேக்கம்மாவுக்குச் சந்தேகம். பாதிக் கதைதான் தாண்டியிருந்தாள். வழக்கம்போலப் படித்த வரைக்கும் கணவருக்குக் கதை சொன்னாள். அவர் நாவல் படிக்கிற ஜாதி இல்லை, மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிடுவார். அவள் சொல்லக் கேட்பதோடு சரி.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் டீ டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் பட்டும் படாமலும் கேட்டார்.

"வாத்தியார் இருக்கட்டும். அந்த நர்ஸை யோசிச்சுப் பாத்தியா?"

"எந்த நர்ஸ்?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவள் பக்கங்களைப் புரட்டினாள். அவள் படித்த இடத்துக்கு வெகுதூரம் தள்ளி, பட்டை ஒட்டிய இடத்துக்குச் சற்று முன்னால்தான் நர்ஸ் என்று ஒருத்தி கதைக்குள் நுழைகிறாள். பட்டையை விளக்கருகே சாய்த்துப் பார்த்தாள். லேசான நெளிவு. நிமிர்ந்து அவர் வேலை மேஜையைப் பார்த்தாள். செல்போன் திரையைச் சூடுகாட்டிக் கழற்றுகிற கருவி அங்கே இருந்தது, பக்கத்திலேயே பசையைப் பிரிக்கிற மெல்லிய தகடு. கண்ணாடியையே கீறாமல் எடுக்கிறவருக்குக் காகிதமா கஷ்டம்?

முதல் கதையில், மழையில் வந்த சித்தப்பா ஏன் நனையவில்லை என்று கேட்டது இவர். அடுத்ததில் சமையல்காரரின் சாவிக்கொத்தைப் பற்றிக் கேட்டதும் இவர்தான். சும்மா கேட்கிறார் என்று நினைத்து, அதையே பிடித்துக்கொண்டு போய், தானே கண்டுபிடித்ததாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறாள். அங்கே அந்த ஆடிட்டர் பட்டையைப் பற்றிச் சொன்னது அத்தனையும் நிஜம். அந்த ஆளிடமா தோற்றோம் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி மெல்லச் சொன்னார். துப்பறியும் அதிகாரியைக் கொலைகாரன் என்று எழுதிய அன்று அவள் சாப்பிடாமல் படுத்ததைப் பார்க்கச் சகிக்கவில்லையாம். பிறகு ஜெயித்துவிட்டு வந்த அன்று வீடே வேறு மாதிரி இருந்ததாம். கெட்ட எண்ணம் துளியும் இல்லையாம்.

"என் வண்டியில என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கு," என்றாள் அவள். "அழுத்தினா, நான்தான் அழுத்தினேன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடுவேன். சொல்லலைன்னா அவளே நிறுத்தினதா நினைச்சுக்கிட்டு நாளைக்குத் தனியா ரோட்டுல போய் மோதுவா. அங்க அவங்க என்னைத் திருடின்னாங்க. நீங்க மூணு மாசமா என்னை மக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கீங்க, எனக்கே தெரியாம."

டீ ஆறிப்போயிற்று. கூட்டம் வரும்வரை அவள் அவரோடு வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை. கதையையும் அவருக்குச் சொல்லவில்லை.

கூட்டத்தன்று, சீட்டுகளை வாசிப்பதற்கு முன்னால் அவளே எழுந்தாள். பட்டை பிரிந்தது தன் வீட்டில்தான், பிரித்தது தன் வீட்டுக்காரர், அவர் பேச்சோடு பேச்சாகத் துப்புக் கொடுத்தது தனக்கே போன வாரம்தான் தெரியும் என்று ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். இந்தக் கதையிலும் அப்படித்தான், கொலைகாரர் யார் என்று தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னாள். தன் பெயருக்கு எழுதிய மூன்று வெற்றிகளையும் அடித்துவிடச் சொன்னாள். அண்ணனின் கைங்கரியத்தைக் கேட்ட நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்ப நான் சொன்னது சரிதானே," என்றார் ஆடிட்டர், பூரிப்பை மறைக்கத் தெரியாமல்.

"பட்டையைப் பத்திச் சொன்னது சரி. என்னைப் பத்திச் சொன்னது தப்பு. அதைத் திரும்ப வாங்கிக்கோங்க."

அவர் தொண்டையைச் செருமினார், சுற்றிலும் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. நூலகர்கூடச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கிக்கொள்கிறேன் என்று கடைசியில் ஒருவழியாக முணுமுணுத்தார். சத்தமாக என்றாள் பிரேக்கம்மா. சத்தமாகச் சொன்னார்.

பட்டையைக் கிழித்து நூலகர் கடைசி அத்தியாயத்தை வாசித்தார். நர்ஸ்தான். பிறகு சீட்டுகளைப் பிரித்தார். மருந்துக்கடைக்காரர் சரி, நாத்தனார் தப்பு, ஆடிட்டர் தப்பு. அடியில் இன்னொரு சீட்டு இருந்தது, இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியது. பிரேக்கம்மாவுடையது. பாட்டு வாத்தியார் என்று போட்டிருந்தது.

நூலகர் குழம்பிப்போய் அவளைப் பார்த்தார். தெரியும் என்று சொன்னீர்களே, தெரிந்துகொண்டே ஏன் தப்பாக எழுதினீர்கள் என்று கேட்டார்.

"நர்ஸ், அவர் கண்டுபிடிச்சது. வாத்தியார், நான் கண்டுபிடிச்சது," என்றாள் பிரேக்கம்மா. "காரணமும் எழுதியிருக்கேன். ஒரு வரி விடாம படிங்க."