கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள்

பேச வேண்டியதைக் கட்சி அலுவலகத்திலேயே டைப் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். பேரூராட்சித் தலைவர் தரணீதரன் அந்தத் தாளைச் சித்ரகலாவிடம் நீட்டிவிட்டு மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

"உக்காருங்க அம்மிணி. நாளைக்குக் கூட்டத்துல எதிர்க்கட்சி ராசப்பன் அந்தத் தீர்மானத்தக் கொண்டாருவாரு. எதுத்து நீங்கதான் பேசோணும். ஹாஸ்டல் உங்க வார்டுல இருக்குது. நீங்க பேசுனா எடுபடும். நான் பேசுனா, மில்லுக்காரனுக்குப் பரிஞ்சு பேசறான்னு ஆயிரும்."

"சரிங்ணா" என்று வாங்கிக்கொண்டாள் சித்ரகலா.

எந்தத் தீர்மானம் என்று கேட்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. ஊரின் கிழக்கு ஓரத்தில் இருந்த நூல் மில்லின் பெண்கள் விடுதியில் போலீஸ் புகுந்ததிலிருந்து எல்லோர் வாயிலும் அதுதான். வயதைக் கூட்டிக் காட்டி வேலைக்குச் சேர்க்கப்பட்ட சிறுமிகளை, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு என்று சொல்லி வேனில் ஏற்றி வேறெங்கோ கொண்டுபோயிருக்கிறார்கள். வார்டனும் வேன் டிரைவரும் கைதானார்கள். அத்தோடு நின்றது. இதேபோல இன்னும் இரண்டு மாநிலங்களில் செய்தி வெடித்ததும், நாடு முழுவதற்கும் ஒரு விசாரணை ஆணையம் வேண்டும் என்று எதிர்க்கட்சி கிளம்பியது. மாநிலப் போலீசே போதும், இது நம்மை அசிங்கப்படுத்தும் சூழ்ச்சி என்றது ஆளுங்கட்சி. டெல்லியில் நாடாளுமன்றம் நடக்கவில்லை. டிவியில் தினமும் சாயங்காலம் நாலு கட்டத்துக்குள் நாலு தலைகள் கத்தின.

சித்ரகலா ஆளுங்கட்சிதான். அவள் அப்பா மயில்சாமி கொடிக்கம்பத்துக்குக் குழி வெட்டிய காலத்திலிருந்தே அந்தக் குடும்பம் அந்தக் கட்சிதான். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவளை எழுப்பிக் கூட்டிவந்து கவுன்சிலர் ஆக்கியதும் கட்சிதான். கமிஷன் என்று ஒன்று வந்தால் வருஷக்கணக்கில் இழுக்கும், கடைசியில் அறிக்கையை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள் என்ற எண்ணம் அவளுக்கும் இருந்தது. ஆகவே தலைவர் சொன்னதில் அவளுக்கு உறுத்தல் ஏதும் வரவில்லை.

உறுத்தல், வீட்டுக்கு வந்து தாளைப் படித்தபோதுதான் வந்தது. நடுவில் ஒரு வரி: பாதிக்கப்பட்ட சிறுமியின் குடும்பத்தாரே காவல்துறையின் நடவடிக்கையில் முழுத் திருப்தி தெரிவித்துள்ளனர்.

அந்தக் குடும்பம் அவள் வார்டிலேயே இருந்தது. மூன்று தெரு தள்ளி. அவர்களிடம் இதை யார் கேட்டார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

ராக்கையா சிவகங்கைப் பக்கத்துக்காரர். சாயப்பட்டறையில் வேலை. மனைவி இல்லை. வரிசை வீடுகளில் கடைசி வீட்டில் மகளோடு இருந்தார். சித்ரகலாவைக் கண்டதும் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விரல் நுனிகளில் நீலச் சாயம் ஏறிக் கிடந்தது.

"ஏனுங்ண்ணா, போலீஸ் விசாரணை திருப்தின்னு நீங்க யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"எங்கிட்ட யாரும்மா கேட்டாக?" என்றார் ராக்கையா. நாற்காலியைத் துடைத்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ராசப்பன் ஆளுக வந்தாக. திருப்பூர்ல உண்ணாவிரதமாம். மேடையில வந்து ஒக்காரச் சொன்னாக. மகளுக்கு மூஞ்சிய மூடிக்கிட்டாப் போதுமாம். நான் முடியாதுன்டேன். அம்புட்டுத்தேன் நம்மகிட்டப் பேசுனது."

அவர் மகள் கதவோரம் உட்கார்ந்து பனியன் துணியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனியிலிருந்து மூட்டையாக வீட்டுக்கு வாங்கி வந்த வேலை. அவள் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். இங்கேயும் அது வேண்டாம். அவள் தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"அக்கா, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிட்டேன். ஆனா எங்களக் கொண்டுபோன எடத்துக்குக் கார்ல வந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியாது. என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில்ல ஜார்க்கண்ட் பிள்ள ஒருத்தி இருந்தா. அவளுக்குத்தான் தெரியும். பேரு, கடை எல்லாம். போலீஸ் வந்த மறுநாளே வடக்கத்திப் பிள்ளைகள எல்லாம் ரயில் ஏத்தி விட்டுட்டாக. அவளக் கேக்காம எப்படிக்கா கேசு முடியும்?"

"போலீஸ்ல சொன்னியா கண்ணு?"

"சொன்னேன். அது வேற ஸ்டேட்டு, எங்களால ஆகாதுன்டாக." கத்தரிக்கோல் நின்றது. "கமிஷன் வந்தா அங்கிட்டும் போவாகளாக்கா?"

போவார்கள் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. "தெரியல கண்ணு" என்றாள் சித்ரகலா.

"வந்தாகன்னா, கதவச் சாத்திட்டுக் கேக்கச் சொல்லுங்க. போனவாட்டி போலீஸ் கேட்டப்பத் தொறந்தே கெடந்துச்சு. டீ கொண்டாந்த ஆளுகூட நின்னு கேட்டுட்டுப் போனாரு."

ராக்கையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண் மறுபடியும் பிசிறு வெட்டத் தொடங்கினாள்.

வீட்டில் கணவன் செல்வக்குமார் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினான். தரணீதரனின் பங்காளி நடத்தும் பனியன் கம்பெனியில் அவன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர்.

"கட்சி படிக்கச் சொன்னாப் படிச்சுப்போட்டு உக்காரு. இல்லாட்டிக் காச்சல்னு சொல்லிப்போட்டு ஊட்லயே இரு. ரெண்டுல ஒண்ணு பண்ணு. மூணாவதா எதையாச்சும் இழுத்துட்டு வந்தறாத."

"அந்தப் புள்ள இத்தனை நடந்தும் அழுவலீங்க" என்றாள் சித்ரகலா. "அழுதிருந்தா ரெண்டு ஆறுதல் சொல்லிப்போட்டு வந்திருப்பேன். அது கேள்வி கேக்குது."

அவன் எழுந்துபோய்க் கை கழுவினான்.

மறுநாள் கூட்டத்தில் குடிநீர்க் குழாயும் குப்பை வண்டியும் பேசி முடித்து, ராசப்பனின் தீர்மானம் வருவதற்குள் எல்லோருக்கும் டீ வந்து போயிருந்தது. ராசப்பன் நல்ல பேச்சாளர். ஆட்சியைப் பற்றி, முதலமைச்சரைப் பற்றி, முந்தைய தேர்தலைப் பற்றி எல்லாம் பேசினார். விடுதியைப் பற்றி முதலில் ஒரு வரி, கடைசியில் ஒரு வரி. ஆளுங்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டிக் கூச்சல் போட்டார்கள். பின்வரிசையில் இரண்டு நிருபர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"அடுத்து சித்ரகலா பேசுவாங்க" என்றார் தரணீதரன்.

அவள் எழுந்தாள். தாளை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்குப் படிக்கக் குடுத்ததுல ஒரு வரி நெசமில்லீங்க தலைவரே. அந்தக் குடும்பம் திருப்தின்னு சொல்லல. அவங்ககிட்ட யாருமே கேக்கல. அதனால நான் இதப் படிக்கலீங்க."

எதிர்வரிசையில் ராசப்பனின் ஆட்கள் சந்தோஷமாக மேசையைத் தட்டினார்கள்.

"தட்டாதீங்க" என்று அவர்கள் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் சொல்றதுக்கு இருக்குது. அந்தப் புள்ளைய மூஞ்சிய மூடி மேடையில உக்கார வெக்கறதுக்குக் கூப்பிட்டிருக்கறீங்க. உங்க தீர்மானத்துல அந்தப் புள்ளைகளக் காணம். நம்ம ரெண்டு கட்சிதான் இருக்குது. நான் ஒரு திருத்தம் குடுக்கறேன். விசாரணை வரட்டும், நாடு முழுக்க வரட்டும். ரயில் ஏத்தி அனுப்புன புள்ளைகளத் தேடிப் போய்க் கேக்கோணும், அவங்க பாஷையில கேக்கோணும். கதவச் சாத்திப்போட்டுக் கேக்கோணும். பெத்தவங்களையோ புள்ளைங்களையோ எந்தக் கட்சியும் மேடை ஏத்தக்கூடாது. அப்புறம், நம்ம ஊர்ல இருக்கற எல்லா ஹாஸ்டலையும் தொறந்து காட்டோணும்."

"எல்லா ஹாஸ்டலும்னா?" என்றார் ராசப்பன்.

"உங்க மச்சானோடதுந்தானுங்க. தலைவரோட பங்காளிதுந்தான்."

செயல் அலுவலர் தொண்டையைச் செருமி, இதெல்லாம் பேரூராட்சியின் அதிகாரத்துக்குள் வராத விஷயம் என்றார்.

"போன வருசம் கோயமுத்தூர் ரயிலு இங்க நிக்கோணும்னு தீர்மானம் போட்டமுங்களே சார். ரயிலு நம்ம பேரூராட்சியோடதுங்களா?"

யாரோ சிரித்தார்கள். தரணீதரன் சிரிக்கவில்லை. குரலை உயர்த்தாமல்தான் பேசினார். "அம்மிணி, யோசிச்சுப் பேசுங்க. நம்ம ஊரு பேரு பேப்பர்ல இப்படி வந்தா பனியன் வாங்கற வெளிநாட்டுப் பையர் ஒருத்தன் ஆர்டர் குடுக்க மாட்டான். உங்க வார்டுல எத்தன குடும்பம் அதுல சோறு திங்குது?"

அது பொய்யான கேள்வி இல்லை. ஆர்டர் நின்ற மாதங்களில் தெருவே எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"அந்தப் பயம் எனக்கும் இருக்குதுங்ணா. எங்கூட்டுக்காரரும் பனியன் கம்பெனிலதான் இருக்கறாரு. ஆனா அந்தப் புள்ளைகளும் இங்க சோறு திங்கறதுக்குத்தானுங்க வந்தாங்க."

தரணீதரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொருள் ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்துவிட்டு எழுந்தார். நாற்காலிகள் நகர்ந்தன. சித்ரகலா உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவுதானா என்று இருந்தது.

அப்போது எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "திருத்தத்த நான் வழிமொழியறனுங்க." ராசப்பனின் கட்சிக்காரியான ஜெயசுதா. பெருமாநல்லூர் ரோட்டில் மளிகைக்கடை வைத்திருப்பவள். கூட்டங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதைத் தவிர அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. "ஓட்டுக்கு உடுங்க தலைவரே. உடற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

"ஜெயசுதா, உக்காரும்மா" என்று அதட்டினார் ராசப்பன்.

"உக்காந்துதானுங்க இருக்கறேன்."

இரண்டு பக்கத்திலும் இருந்த மற்றப் பெண் உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போவதற்கு எழுந்தவர்களில் ஒருத்தி உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. வாசல்வரை போய்விட்ட தரணீதரன் திரும்பிப் பார்த்தார். நிருபர்களின் செல்போன்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. வந்து மறுபடியும் நாற்காலியில் அமர்ந்தார்.

"திருத்தத்தோட சேத்தி, ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

பெண்கள் அத்தனை பேரும் தூக்கினார்கள். ராசப்பனின் ஆட்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். தான் கொண்டுவந்த தீர்மானத்துக்குத் தானே எப்படிக் கை தூக்காமல் இருப்பது? அவர் கை காதுக்கு மேலே போகவில்லை. ஆனாலும் எழுந்தது. மற்றவர்களும் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது.

சித்ரகலா வீடு வந்து சேர்வதற்குள் கட்சியிலிருந்து அவளை நீக்கிய செய்தி வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. அப்பா மயில்சாமி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அடுத்த வாரம் கம்பெனியில் செல்வக்குமாரைக் கூப்பிட்டு, வேலை குறைவாக இருக்கிறது, வேறிடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவன் பெருமாநல்லூரில் ஒரு யூனிட்டில் சேர்ந்தான். "மூணாவதா ஒண்ண இழுத்துட்டு வராதன்னு சொன்னேன்" என்று தினமும் காலையில் பைக்கை உதைக்கும்போது சொன்னான். ஆனாலும் கேசுக்காக ராக்கையாவை வக்கீலிடம் கூட்டிப்போக வேண்டிய நாட்களில் அந்த பைக்கைத்தான் அவளிடம் கொடுத்துவிட்டு பஸ்ஸில் போனான்.

தீர்மானம் பத்திரிகையில் வந்தது. அக்கம்பக்கத்தில் சில ஊராட்சிகள் அதே வாசகத்தைத் தங்கள் தீர்மானமாகப் போட்டன. டெல்லியில் கமிஷன் வேண்டும், வேண்டாம் என்று கத்தல் ஓயவில்லை. அதற்காகக் காத்திருக்கச் சித்ரகலாவுக்குப் பொறுமை இல்லை. வார்டில் குடியிருந்த ஜார்க்கண்ட் தொழிலாளர்களின் அறைகளுக்கு, இந்தி தெரிந்த லைன் சூப்பர்வைசர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போனாள். பலர் பயந்து கதவைத் திறக்கவில்லை. ஒருவன் திறந்தான். ரயில் ஏற்றி அனுப்பப்பட்ட அந்தப் பக்கத்துக் கட்டில் பெண்ணின் ஊர் அவன் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு அடுத்த ஊர். தொடர்பு அப்படித்தான் கிடைத்தது.

வக்கீல் மனுப் போட்டார். அங்கே இருந்தபடியே வீடியோவில் அவளைக் கேட்கக் கோர்ட் உத்தரவிட்டது. அந்தப் பெண் பெயரைச் சொன்னாள். கடையையும் சொன்னாள். நூல் வியாபாரி. இரண்டு கட்சி மாநாட்டு வரவேற்பு வளைவுகளிலும் அவன் படம் இருந்தது. அவனைக் கைது செய்த அன்று இரண்டு கட்சிகளும் தங்களுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை என்று அறிக்கை விட்டன.

ராக்கையாவின் மகள் வாக்குமூலம் கொடுத்துவிட்டு நீதிபதியின் அறையிலிருந்து வெளியே வந்தபோது வியர்த்திருந்தாள். "நல்லாக் கேட்டாக" என்றாள். பிறகு, பசிக்கிறது என்றாள். வெளியே காத்திருந்த ராக்கையாவும் சித்ரகலாவும் அவளுமாக மூவரும் கோர்ட்டுக்கு எதிரே இருந்த ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டார்கள்.

மழைக்காலம் தொடங்கியபிறகு நடந்த பேரூராட்சிக் கூட்டத்தில், தீர்மானத்துக்கு அரசிடமிருந்து பதில் வந்திருப்பதாகச் செயல் அலுவலர் படித்தார். கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. தரணீதரன் அடுத்த பொருளுக்குப் போகலாம் என்றார்.

கட்சி இல்லாத உறுப்பினராகக் கடைசி நாற்காலியில் இருந்த சித்ரகலா எழுந்தாள்.

"பரிசீலனை எதுவரைக்கும் வந்திருக்குதுன்னு கேட்டு எழுதோணுங்க தலைவரே. பதில் வர்லீனா அடுத்த கூட்டத்துலயும் கேப்பனுங்க."

தரணீதரன் அவளைப் பார்த்தார். ஜெயசுதா எழுவதற்குத் தயாராக நாற்காலிப் பிடியில் கைவைத்திருப்பதையும் பார்த்தார்.

"எழுதிக்குங்க சார்" என்றார் செயல் அலுவலரிடம்.