குணம் விசாரிக்க வந்தவர்

உதியன்குளங்கரைச் சந்திப்பில் சிலுவைதாசனின் தேநீர்க் கடை அமைந்திருக்கும் இடம் மிகுந்த முக்கியத்துவம் வாய்ந்தது. நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து வருபவர்களுக்கும் பாறசாலைப் பக்கமிருந்து வருபவர்களுக்கும் வண்டியை நிறுத்த வாகான நிழல் அந்தக் கடை முன்னே நிற்கும் பலாமரத்தடியில் மட்டுமே உண்டு. கல்யாணப் பேச்சு ஒன்று தொடங்கினால் மாப்பிள்ளை வீட்டார் நேரே பெண் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. முதலில் சந்திப்பில் இறங்குவார்கள். ஒரு தேநீர் சொல்வார்கள். பாதி குடித்த பிறகு, தமக்கும் அதற்கும் தொடர்பே இல்லாதது போல, "இங்கே இன்னார் மகள் எப்படி?" என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவரும் தமக்குத் தொடர்பே இல்லாதது போலப் பதில் சொல்வார். அந்தப் பதிலைப் பொறுத்து வண்டி முன்னே செல்லும், அல்லது வந்த வழியே திரும்பும்.

சிலுவைதாசனின் பதிலைக் கேட்டுத் திரும்பிய வண்டிகள் நான்கு.

அவருக்கு யார்மீதும் பகை கிடையாது. முப்பது ஆண்டுகள் கடலில் கிடந்தவர். கடலில் ஒருவன் காற்று எப்படி என்று கேட்டால், காற்றின் மனம் கோணாதபடி பதில் சொல்லும் வழக்கம் இல்லை. அதே முறையில்தான் குன்னத்துகால் பூதலிங்கத்தின் மகன் சுனில்குமாரைப் பற்றிக் கேட்டவர்களிடம், "பத்து மணிக்கு முன்ன அவன் எழும்பிப் பாத்தவன் இந்தச் சந்திப்பில இல்ல" என்று சொன்னார். கல்யாணம் நின்றது. அரசாங்க எழுத்தர் பரம்பரையில் வந்த பூதலிங்கம் மூன்று பக்கத்துக்கு ஒரு கண்டன மனு எழுதி, அதை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று விளங்காமல், கடைசியில் சிலுவைதாசனிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அன்று முதல் ஊரில் அவருக்குக் கல்யாணம் மொடக்கி என்று பெயர்.

அந்தப் பெயரிலிருந்து அவரை மீட்டது கல்வி. தோள்மூட்டு விலகிக் கடலை விட்ட பிறகு, ஐம்பத்தாறாம் வயதில், பள்ளி விட்டவர்களுக்காக அரசு நடத்தும் துல்யதா வகுப்பில் சேர்ந்து பத்தாம் வகுப்பில் தேறினார். ருசி கண்டவர் அத்தோடு நிற்கவில்லை. கடைக்கு மேலே மாடியில் அவருடைய மகள் ரெஜிஷா ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்தினாள். நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகிற பெண்கள் இருபது பேருக்குப் பின்னால், கடைசி பெஞ்சில், பால் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரும் உட்கார்ந்தார்.

பதினொன்றாம் பாடம் மனிதர்களின் குணத்தைக் குறிக்கும் சொற்கள் பற்றியது. ரெஜிஷா பலகையில் நடுவே ஒரு கோடு கிழித்தாள்.

"இன்டர்வியூவில நான் ஸ்டபர்ன்னு பறஞ்சா வேலை கெடைக்காது. அதே குணந்தான், டிட்டெர்மின்ட்னு பறயணும். பிடிவாதம் பிடிவாதந்தான். ஆனா இது சட்டை போட்டுட்டு வருது."

சிலுவைதாசன் அன்று பாலைக் காய்ச்ச மறந்தார். ஒவ்வொரு குணத்துக்கும் முகத்துக்கு முன்னால் சொல்ல ஒரு சொல்லும் முதுகுக்குப் பின்னால் சொல்ல ஒரு சொல்லும் ஆங்கிலேயர்கள் தனித்தனியே செய்து வைத்திருக்கும்போது, ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நான்கு குடும்பங்களைத் தாம் கெடுத்துவிட்டதை எண்ணி வருந்தினார்.

பிறகு நடந்தவை ஊருக்கே தெரியும். சோம்பேறி ஈசி-கோயிங் ஆனான். கஞ்சன் எக்கனாமிக்கல் ஆனான். அடுத்த வீட்டு வேலிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் க்யூரியஸ் ஆனாள். காலையிலேயே தண்ணி போடும் டிக்சன் சோஷியபிள் ஆனான். ஒரே ஆண்டில் ஆறு கல்யாணங்கள் நடந்தன. சுனில்குமாரும் ஈசி-கோயிங்காகவே மணமேடை ஏறினான். பூதலிங்கம் நேரில் வந்து தேநீர் குடித்து, கண்டன மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

இந்த நிலையில்தான் ரெஜிஷாவின் கல்யாணப் பேச்சு வந்தது. பாலராமபுரம் ஜித்தின் அவளோடு பி.எட். படித்தவன். இருவரும் தங்களுக்குள் முடிவு செய்து ஓராண்டு ஆகிவிட்டது. ஜித்தினுக்கு அப்பா இல்லை; தாய்மாமன் எலியா வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அவர் வேண்டாம் என்றால் ஜித்தின் வாய் திறக்க மாட்டான். "இது நடக்கல்லேன்னா எனக்கு வேற ஒண்ணு பேசாண்டாம்" என்று ரெஜிஷா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது அப்பனுக்குத் தெரியும். சிலுவைதாசனின் மனைவி மேரிக்குட்டி கணவருக்கு ஒரே ஓர் உத்தரவு போட்டாள்: "அவங்க ஆளு வந்தா நீங்க கும்பிடுங்க. தமிழும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம்."

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பலாமரத்தடியில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. வெளுத்த வேட்டி கட்டிய, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கித் தேநீர் சொன்னார். பாதி குடித்தார்.

"அண்ணா, மேல இங்கிலீஷ் கிளாஸ் எடுக்குத ஒரு பிள்ளை உண்டுல்லா, ரெஜிஷா. எனக்க மருமவனுக்குப் பேச்சு நடக்குது. ஆளு எப்படி?"

வந்தவர் எலியா என்பது சிலுவைதாசனுக்கு விளங்கிவிட்டது. எலியாவுக்கோ இவர் யார் என்பது விளங்கவில்லை. கல்யாணப் பேச்சுக்குக் கொடுத்த விவரத் தாளில் பெண்ணின் தகப்பன் தொழில் வணிகம் என்று இருந்தது. அழுக்கு லுங்கியோடு தேநீர் ஆற்றுபவரை யாரும் அந்தச் சொல்லோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

நான்தான் அப்பன் என்று சொல்லிவிடுவதே முறை. ஆனால் அப்படிச் சொன்னால் எலியா கும்பிட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவார். அடுத்த கடை எதிர்ப்புறத்து ஆனந்தபாயின் பழக்கடை. மாடிப்படியின் கீழே அழுகிய வாழைப்பழம் கொட்டியதற்காக ரெஜிஷா அந்த அம்மாளைப் பஞ்சாயத்து வரைக்கும் இழுத்து மூன்று வாரந்தான் ஆகியிருந்தது. இப்போதே ஆனந்தபாய் கழுத்தை நீட்டிக்கொண்டு காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிலுவைதாசன் தொண்டையைச் செருமினார்.

"டிட்டெர்மின்ட் ஆக்கும், சாரே."

எலியா தம்ளரைப் பெஞ்சில் வைத்தார். "அப்போ பிடிவாதக்காரி."

"அப்படி இல்ல. கான்ஃபிடென்ட்."

"திமிரு."

"ஃப்ராங்க்."

"வாயி."

"நல்ல எனர்ஜெட்டிக்."

"வீட்டுல ஒரு இடத்துல இருக்கமாட்டா." எலியா பெருமூச்சு விட்டார். "அண்ணா, கோவிச்சிக்கிடாதீரும். எங்க தெருவில ஒரு பெண்ணை இந்த ஊரு டிக்சனுக்குக் கெட்டிக்குடுத்தாச்சு. விசாரிக்க வந்தவங்ககிட்ட இதே கடையில சோஷியபிள்னு பறஞ்சாவ. தாலி கெட்டுத நேரத்துல அவனை ரெண்டு பக்கமும் ரெண்டுபேரு தாங்க வேண்டியதாச்சு. அதுக்குப் பெறவு பாலராமபுரத்துல இந்தச் சந்திப்பு இங்கிலீஷை நாங்க திருப்பிப் போட்டுத்தான் கேக்குதோம்."

சிலுவைதாசனின் ஆங்கிலம் அந்த இடத்தில் தீர்ந்தது. பதினொன்றாம் பாடம் முழுவதும் அச்சு மாறாமல் நினைவில் இருந்தும், அதில் ஒரு சொல்கூட உதவிக்கு வரவில்லை. எலியா தம்ளரை எடுத்துக்கொண்டு எதிர்ப்புறம் பார்த்தார். ஆனந்தபாய் புன்னகைத்தாள்.

"நில்லுங்க சாரே," என்றார் சிலுவைதாசன். "தமிழ்லயே பறயுதேன். பிடிவாதம் உண்டு. நெறய உண்டு. அவளுக்க அப்பன் ஒரு மண்டன், மூளை கெடையாது. ஐம்பத்தாறு வயசுல பத்தாம் கிளாஸ் எழுதிக் கணக்குல தோத்தான். இனி எனக்கு வேண்டாம்னு படுத்தான். இவ என்ன செய்தா தெரியுமா? அவன் ஜெயிக்குத வரைக்கும் வீட்டுல மீன் வைக்கப்படாதுன்னு சட்டியைத் தூக்கிப் பரணுல வச்சிட்டா. கடக்கரைக்காரன் வீட்டுல நாப்பது நாளு மீன் இல்ல. கஞ்சியும் துவையலும். அவளுக்க அம்மைக்காரி அழுதுட்டா."

"இவ மட்டும் என்ன தின்னா?"

"அதே கஞ்சி. ஒரு நாளு கூட வெளிய தின்னல்ல. நான் பாத்தேன்."

எலியா மறுபடி உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. "இது கொள்ளாம், நல்லா இருக்கு. ஏழு இடத்துல கேட்டேன். ஏழு இடத்துலயும் நல்ல பிள்ளை, நல்ல குடும்பம். அதுல என்ன தெரியும், மண்ணாங்கட்டி. ஒரு குத்தம் சொன்னாத்தான மத்ததை நம்ப முடியும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெண்ணு இருக்கட்டும். அப்பன் எப்படி? கல்யாணம் மொடக்கின்னு ஒருத்தன் இந்தப் பக்கம் உண்டாம். அது அவளுக்க அப்பன்தான்னு காதுல விழுந்தது. சத்தியம்னா இந்தப் பேச்சு இன்னைக்கே முடிஞ்சது. எனக்கும் ரெண்டு மக்க கெட்டிக்குடுக்க உண்டு. ஊரூராப் போயி குடும்பங் கெடுக்குதவனைச் சம்பந்தக்காரன்னு சொல்ல முடியாது."

தம்மைப் பற்றி மூன்றாம் மனிதராக நின்று பேசும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைப்பதில்லை. சிலுவைதாசனுக்கு முதலில் தோன்றிய சொல் ஹானஸ்ட். பாடத்தில் அதற்கு எதிரே கோட்டின் மறுபக்கம் எந்தச் சொல்லும் இருக்கவில்லை. ஆனால் எலியா ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார் என்பதில் ஐயமில்லை.

"அவன் நாக்குக்கு நரம்பு கிடையாது சாரே," என்றார். "அறிவு கொறவு, பெருமை கூடுதல். பாஸான சர்ட்டிபிகேட்டை மாதா படத்துக்குப் பக்கத்துல, அதை விடப் பெரிய சட்டத்துல போட்டுத் தூக்கி இருக்கான். மெழுகுதிரி எது முன்ன எரியுதுன்னு பாக்கணும். நாலு கல்யாணம் மொடங்கினதும் உள்ளதுதான். ஆனா கெடுக்கணும்னு பறஞ்சதில்ல. கேட்டாவ, பறஞ்சான்."

"வேணும்னு செய்தானா இல்லையான்னு உமக்கு எப்படித் தெரியும்? அதை அவன்லா சொல்லணும்."

"அவன்தான் சாரே சொல்லுதான்."

களியிக்காவிளை போகிற பேருந்து ஒன்று வந்து நின்று, ஆளை இறக்கி, ஆளை ஏற்றிப் போனது. எலியா அவருடைய லுங்கியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். தேநீர் வடிகட்டியைப் பார்த்தார்.

"சொந்தக்காரன் சொன்ன நல்லது செல்லாது. தெரியுமா?"

"தெரியும்."

"கெட்டது மட்டும் நிக்கும்."

"அதும் தெரியும்."

எலியா விரல் விட்டு எண்ணினார். "கஞ்சிக் கதை போச்சு. இனி நிக்குதது, பெண்ணுக்குப் பிடிவாதம், திமிரு, வாயி, ஒரு இடத்துல இருக்கமாட்டா. அப்பனுக்கு அறிவு இல்ல, பெருமை உண்டு, மொடக்கினது நாலு. இதைக் கொண்டு போயி எனக்க அக்காகிட்ட நான் என்னன்னு பறயது?"

வலையை இழுத்து இழுத்துக் கடைசியில் வெறும் கயிறு கையில் வந்தவன் போல நின்றார் சிலுவைதாசன். இன்னொருவராயிருந்தால் அந்த இடத்தில் காலில் விழுந்திருப்பார். அவரோ வாயைத் திறந்தார்.

"நானும் உங்க ஊருல விசாரிச்சேன், சாரே. பெரிய கைத்தறிக் கடையில. பையன் காம், குயட், ஒபீடியன்ட்னு பறஞ்சாவ."

"பின்ன? நல்ல பையனாக்கும்."

"திருப்பிப் போட எனக்கும் தெரியும். காம்னா அடிச்சாலும் எழும்பமாட்டான். குயட்னா கேட்டாலும் பறயமாட்டான். ஒபீடியன்ட்னா, மாமன் சொன்னாத்தான் மூத்திரம் பெய்வான்."

எலியாவின் கழுத்து நரம்பு புடைத்தது. வெடிக்கப் போகிறார் என்று சிலுவைதாசன் பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். எலியா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அது சின்னதுல," என்றார். "இப்போ தனியாப் போவான்."

சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு முட்டியது. துண்டால் வாயை மூடிக்கொண்டார். "எந்தக் கைத்தறிக் கடை?"

"ஜங்ஷன் பக்கத்துல, நீல போர்டு."

"அது எனக்க மச்சினனுக்க கடை."

"அப்போ அந்த நல்லதும் செல்லாது," என்றார் சிலுவைதாசன்.

"செல்லாது," என்று ஒப்புக்கொண்டார் எலியா. அவர் நியாயவான். விரல்களை மறுபடி மடக்கி, இந்தக் கையில் பெண்ணின் குற்றங்களையும் அந்தக் கையில் பையனின் குற்றங்களையும் எண்ணத் தொடங்கினார். பையனுக்கு ஒரு குற்றம் குறைந்தது. அவரே யோசித்து, "குறட்டையும் உண்டு" என்று சேர்த்தார்.

நான்கு மணிக்கு வகுப்பு முடிந்து ரெஜிஷா படியிறங்கி வந்தபோது கண்ட காட்சி இதுதான். ஜித்தினின் மாமனும் தன் அப்பாவும் ஒரே பெஞ்சில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். எலியாவை அவள் புகைப்படத்தில் பார்த்திருக்கிறாள். கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, என்ன பறஞ்சீங்க?"

"ஒண்ணும் இல்ல மக்கா. உள்ளதுதான் பறஞ்சேன்."

அவள் கண்ணை மூடினாள். அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"பயப்படாத பிள்ளே," என்றார் எலியா. "உனக்க குத்தம் எல்லாம் உங்க அப்பன் பறஞ்சாச்சு. எங்க பக்கத்துக் குத்தமும் அவரே பறஞ்சாரு. விட்டுப்போனது ஏதும் உண்டா?"

ரெஜிஷா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் வாழ்நாளில் யாரையும் பேச வேண்டாம் என்று தடுத்தது அதுவே முதல்முறை.

"ஒண்ணு உண்டு மாமா," என்றாள் அவள். "மாமாகிட்ட அனுமதி கேட்டு நான் ஒண்ணும் செய்யமாட்டேன். கெட்டினதுக்குப் பெறவு ஜித்தினும் கேக்கமாட்டான். அதை இப்போதே தெரிஞ்சிக்கிடணும்."

எலியா தம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்தார். அது எப்போதோ ஆறிப் போயிருந்தது. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு பதினோரு மணிக்கு வாறோம். ஆறு பேரு," என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

ரெஜிஷா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிலுவைதாசன் காருக்குப் பின்னாலேயே ஓடினார்.

"சாரே, ஆறு பேருக்கும் மீனா, இறைச்சியா?"

"ரெண்டும்," என்றார் எலியா, கண்ணாடியை ஏற்றிக்கொண்டே.

மீனும் இறைச்சியும் சேர்த்துக் கேட்கும் இந்தக் குணத்துக்குத் தமிழில் உள்ள சொல் சிலுவைதாசனின் நாக்கு நுனிவரை வந்தது. அவர் திரும்பிப் படியில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தார். அதை விழுங்கிக்கொண்டு, காரை நோக்கிக் கையைக் கூப்பினார்.