திவசத்துக்கு இறங்காத காகம்

சண்முகராசாவுக்குப் பசியில் காது அடைத்தது. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. அன்று அப்பாவின் திவசம். படைத்த சோற்றைக் காகம் தொடாமல் வீட்டில் ஒருவரும் வாய் வைக்கக் கூடாது. லண்டனில் மிச்சம் என்கிற அவர்கள் ஊரில் அன்று கணுக்கால் புதையப் பனி கிடந்தது. தோட்டத்துக் கொட்டில் கூரையில் அவர் வாழையிலையில் வைத்த சோறு, ஆவியெல்லாம் போய் விறைத்துக்கொண்டிருந்தது.

சமைத்து முடித்த குசினி ஜன்னலுக்குள் நின்று அவரும் மனைவி சிவனேஸ்வரியும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பறவைகளுக்குக் குறைவில்லை. முதலில் ஒரு ராபின் சிவந்த நெஞ்சை நிமிர்த்தி வந்து பருப்பில் ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போனது. நீலத்தலைச் சிட்டுகள் இரண்டு பாயசத்து முந்திரிக்குச் சண்டை பிடித்தன. புறாக்கள் முதல் பந்தியிலேயே இடம் பிடித்துவிட்டன. கறுப்பு வெள்ளை மேக்பை ஒன்று வந்ததும், அது காகத்துக்கு நெருங்கிய சொந்தம், போனில் போட்டிருக்கிறது, இனிச் சாப்பிடலாம் என்றாள் சிவனேஸ்வரி. சண்முகராசா சம்மதிக்கவில்லை. அப்பா உயிரோடு இருந்த காலத்தில் ஒரு கலியாண வீட்டுக்கும் தனக்குப் பதிலாக ஆளை அனுப்பியதில்லை.

காகம் இல்லாமலும் இல்லை. எதிர்வீட்டுப் புகைபோக்கியில் கறுகறுவென்று ஒன்று குந்தியிருந்தது. சோற்றைப் பார்க்கும், பிறகு மேற்கே பார்க்கும். அவர் கூப்பிட்ட கூப்பாட்டில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள். காகம் அசையவில்லை.

செத்தவருக்கு மனக்குறை இருந்தால் காகம் சோறு எடுக்காது, அதைத் தீர்ப்பதாக வாக்குக் கொடுக்க வேண்டும் என்று சிவனேஸ்வரி ஞாபகப்படுத்தினாள். சண்முகராசா செருப்போடு பனியில் இறங்கினார். சிகரெட்டை விடுகிறேன் என்றார். காகம் இறகைக் கோதியது. வெள்ளிதோறும் கோயிலுக்குப் போகிறேன் என்றார். அதை அப்பாவே நம்பமாட்டார்.

உண்மையான குறை எதுவென்று அவருக்குத் தெரியும். மேற்கே ஹவுன்ஸ்லோவில் இருக்கும் தம்பி குகராசாவோடு நாலு வருடமாகப் பேச்சில்லை. முதலாம் ஆண்டுத் திவசத்தில், கத்தரிக்காய்க் கறிக்கு உப்புக் கூடிப்போச்சு என்று அவன் சபையில் சொன்னான். சிவனேஸ்வரி அழுதாள். அன்றிலிருந்து அப்பாவுக்கு லண்டனில் இரண்டு வீட்டில் திவசம். தம்பி இல்லாமல் சாப்பிட்ட அந்தச் சாப்பாடு ஒரு வருடமும் அவருக்கு ருசித்ததில்லை.

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, பசிதான் காரணமோ என்னவோ, போனை எடுத்து வந்து அவளே அவர் கையில் வைத்தாள்.

முதல் மணியிலேயே குகராசா எடுத்தான்.

"அண்ணை, அங்கை காகம் வந்ததே?"

"இல்லை. உங்கை?"

"ஒரு மணித்தியாலமா வெளியிலை நிக்கிறன். எதிர்க்கூரையிலை இருக்கு, கிட்ட வருதில்லை."

சண்முகராசாவுக்குச் சிரிப்பு வந்தது.

"அப்பா முழங்கால் நோவுக்காரன், இந்த ஸ்னோவுக்கை அந்த மனிசன் ரெண்டு வீடு எப்பிடியடா ஏறி இறங்கிறது? எல்லாரையும் கூட்டிக்கொண்டு இஞ்சை வா."

அந்தப் பக்கம் சாவிக் கொத்துக் கிலுங்கியது.

"காரிலை கிடக்கிற ஸ்னோவைத் தட்டிப்போட்டு வாறன் அண்ணை."

அவன் வந்து சேர மூன்று மணியானது. அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து இரண்டாம் தரம் சோறு வாங்கியபோதுதான், காகம் சாப்பிட்டதா என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்பது சிவனேஸ்வரிக்கு உறைத்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பாமல் இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.