மயோனைஸ் திரிந்த கதை

மூன்று மாதச் சோதனை வேலை அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அகராதியின் 'ம' வரிசையில் அவளிடம் பாக்கி ஒரே ஒரு சீட்டு: மயோனைஸ். பொருள், மூலம், வழக்கு என்று மூன்று வரி. அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரமா, வீட்டுக்குப் போவதா என்று சொல்வேன் என்றிருந்தார் பதிப்பாசிரியர். எதை எழுதிக் கொடுத்தாலும் வெட்டுவதால் அலுவலகத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர்.

மூலத்தில்தான் வந்தது வினை. மஹோன் என்ற துறைமுகத்தின் பெயர் என்றது ஒரு புத்தகம். இல்லவே இல்லை, பயோன் என்ற ஊர், 'ப' எப்படியோ 'ம' ஆகிவிட்டது என்றது இன்னொன்று. ஊரே கிடையாது, பழைய பிரெஞ்சில் மஞ்சள் கருவுக்கு இருந்த சொல் என்று மூன்றாவது அடித்துச் சொன்னது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமாம், அகராதிக்காரிக்குத் திண்டாட்டம்! படிக்கப் படிக்கத் தலை எது வால் எது என்று தெரியாமல் போய், அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பொருளையாவது ஒழுங்காக எழுதுவோம் என்று, சாண்ட்விச் கடையில் சமைக்கும் அண்ணியைப் போனில் பிடித்தாள்.

"அண்ணி, மயோனைஸ்னா என்ன?"

"மஞ்சக்கருவுல எண்ணெயச் சொட்டுச் சொட்டா விட்டு அடிக்கணும். ஏம்மா, இப்பத்தான் இதைக் கேக்கணுமா? உன்கிட்ட பேசிக்கிட்டே மொத்தமா ஊத்திட்டேன். திரிஞ்சு போச்சு!"

குழப்பத்தில் காதில் விழுந்ததையெல்லாம் அவள் கை எழுதிக்கொண்டே போனது. எந்த வரியில் எதை எழுதினோம் என்று பார்ப்பதற்குள் மணி ஐந்து. கத்தரி வந்து சீட்டை எடுத்துக்கொண்டார்.

"மூலம்னு போட்டு, திரிந்ததுன்னு எழுதியிருக்கே. எதுல திரிஞ்சது?"

"எண்ணெய்ல ஐயா. அண்ணி மொத்தமா ஊத்திட்டாங்க."

"எந்த ஊர் அண்ணி? மஹோனா, பயோனா?"

"தெரியல ஐயா. யாருக்குமே தெரியல. தெரிஞ்ச மாதிரி எழுத எனக்கு மனசு வரல." சொல்லிவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

கத்தரி பேனாவைத் திறந்து அண்ணியை வெட்டினார், எண்ணெயை வெட்டினார். 'திரிந்தது' மட்டும் தப்பியது. அதன் பக்கத்தில் 'எதிலிருந்து என்று தெளிவில்லை' என்று எழுதினார். அவர் வெட்டித்தான் அவள் பார்த்திருக்கிறாள். எதையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

"பையைக் கீழ வை. திங்கக்கிழமை 'ய' வரிசை ஆரம்பிக்கணும்."

அதுவும் அவளுக்குப் புரியவில்லை. "யாரு ஐயா?"

"'யாரு'ங்கறதும் 'ய'லதான் வருது. அதுலேருந்தே ஆரம்பி."