கவ்ரீலுக்குக் கேட்காத சத்தம்

பேத்தி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. லேனா ஆறு நன்றாக உறைந்துவிட்டது, பனிக்கட்டியின் மேல் வண்டிப் பாதையும் திறந்துவிட்டார்கள். அக்கரையில் இருக்கும் மகள் துயாராவைப் பார்க்க நானும் என் கணவன் கவ்ரீலும் காலையில் கிளம்பினோம். குதிரைக்குட்டி இறைச்சி, உறைந்த மீன், வெண்ணெய் எல்லாம் மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தேன்.

வெளியே மைனஸ் நாற்பத்தைந்து. இரவில் வீட்டுக்குள் வைத்திருந்த பேட்டரியைக் கொண்டுபோய் மாட்டினான் கவ்ரீல். ஊதுவிளக்கால் என்ஜினின் அடியைச் சூடேற்றினான். சாவியைத் திருப்பியதும் வண்டி இருமி, முனகி, உயிர் பெற்றது. கூடவே ஒரு கீச்சொலி, கதவுக்கு வெளியே மாட்டிக்கொண்ட நாய்க்குட்டி அழுவது போல.

"என்ன சத்தம் அது?"

"ஆயில் இறுகிக் கெடக்கு. அதான் டிக்டிக்குனு அடிக்குது. சூடானா நின்னுடும்."

"அத சொல்லல. கீச்சுனு கத்துதே, அது."

"எது?"

பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்து நின்று பார்த்தது. கவ்ரீலோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சில மாதங்களாக நான் பேசினால் பாதிக்குப் பதிலே வராது. என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்து நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். கோபமே இல்லை. அவனுக்குக் கேட்கவில்லை.

கிட்டே போய் அவன் தொப்பியின் காதுமடலைத் தூக்கினேன். "காது கேக்கலையா, கிழவா?"

"யாருக்கு? எனக்கா? ஏறு வண்டியில."

"ஏற மாட்டேன்."

கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். "கீச்சுச் சத்தமெல்லாம் போயிடுச்சு, மாத்ரா. பேச்சும் பாதிதான் கேக்குது. நீ சும்மா கிழவா கிழவான்னு கூப்பிடுற. அது நிஜமாயிடுச்சோன்னு பயந்துட்டேன்."

அந்தக் குளிரில் அழுதால் இமை ஒட்டிக்கொள்ளும். "சரி, எங்க பாக்கணும்னு நீ சொல்லு. கேக்குறத நான் கேக்குறேன்" என்றேன்.

மரப்பிடி போட்ட நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து வந்தான். பிடியை என் காதில் வைத்து, முனையை ஓடுகிற என்ஜினில் ஒவ்வோர் இடமாகத் தொட்டான். தண்ணீர் பம்பில் வைத்தபோது மெல்லிய சலசலப்பு. அடுத்து, பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரில் வைத்தான். யாரோ மணலை மெல்வது போலக் கறகறவென்றது. துள்ளிப் பின்வாங்கினேன்.

"இங்கதான்! உள்ள மணல் அரைபடுது!"

அவன் நம்பவில்லை. பிடியைத் தன் காதில் வைத்துப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். கொஞ்சம் யோசித்துவிட்டு, பிடியைப் பல்லால் கடித்தபடி முனையை அங்கே வைத்தான். அவன் கண்கள் விரிந்தன. திருப்புளியை எடுத்தபோது சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தான்.

"கேக்குது, மாத்ரா! மண்டைக்குள்ள கேக்குது! பேரிங் போயிடுச்சு."

அது இறுகி நின்றால் பெல்ட் அறுந்துவிடும், என்ஜினும் நின்றுபோகும். நடு ஆற்றில் வண்டி சூடில்லாமல் நின்றால் என்ன ஆகும் என்று நாங்கள் இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. துயாராவுக்கு மட்டும் போன் போட்டு நாளைக்கு வருகிறோம் என்றேன்.

ஆல்டர்னேட்டரைக் கழற்றி அடுப்பங்கரை மேசைக்கே கொண்டுவந்து பேரிங்கை மாற்றினான். வீடெல்லாம் பெட்ரோல் வாடை. பல்லால் கேட்க முடிகிறதென்றால் சரிசெய்யக்கூடிய காதாகவும் இருக்கலாம், பேத்தியைப் பார்த்த கையோடு காது டாக்டரிடமும் போவோம் என்று மட்டும் இரண்டு முறை சத்தமாகச் சொன்னேன். டீயை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினான்.

மறுநாள் என்ஜின் கொஞ்ச நேரம் டிக்டிக்கென்றது, பிறகு அடங்கியது. எங்கள் ஊரில் பாதி வண்டிகளைப் போல எங்களுடையதும் ஜப்பான் வண்டி, ஸ்டியரிங் வலப்பக்கம். கவ்ரீல் அந்தக் கதவைத் திறந்து என்னை உட்காரச் சொன்னான்.

"நானா ஓட்டணும்?"

"வலது காதுதான் கொஞ்சம் தேவல. நீ எனக்கு வலப்பக்கம் உக்காந்தாதான் பேசறது கேக்கும்."

ஆற்றின் மேல் வண்டியை இறக்கினேன். அக்கரை போய்ச் சேரும்வரை நான் வாயை மூடவே இல்லை.